தங்கராசு தூக்கிய ஷட்டர்

செவ்வாய்க்கிழமை காலை இட்லி அரிசி நிறுத்துக்கொண்டிருந்தபோது தங்கராசுவின் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார். "அண்ணாச்சி, அவுக போயிட்டாக." எடை போட்டதை வாடிக்கையாளரிடம் கொடுத்து அனுப்பிய பிறகுதான் உட்கார்ந்தேன்.

கிட்வாய் நகரில் எங்கள் மளிகைக் கடைக்கு வந்தவர்களுக்கு என் கூட்டாளி தங்கராசுவை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. எங்களுக்குள் ஒரே போட்டிதான். காலையில் முதலில் வருபவர் ஷட்டரைத் தூக்க வேண்டும். பிந்தினால் நாள் முழுக்கக் கிண்டல். "என்ன அண்ணாச்சி, உமக்கு இப்பத்தான் விடிஞ்சுதோ?"

மூன்று வருடத்துக்கு முன் எனக்கு இதய வால்வில் ஆபரேஷன் நடந்தது. வலப்பக்கம், விலா எலும்புகளுக்கு நடுவே சின்னதாகத் திறந்து செய்தார்கள். ஒரு மாதத்தில் கடைக்கு வந்துவிட்டேன். இந்த வருடம் தங்கராசுவுக்கு ரத்தக்குழாய்களில் மூன்று இடத்தில் அடைப்பு. தனக்கும் பக்கவாட்டிலேயே செய்யச் சொல்லிக் கேட்டார். நெஞ்செலும்பை நடுவில் அறுத்தால்தான் முடியும் என்றார் டாக்டர். வெளியே வந்து தங்கராசு சிரித்தார். "உமக்குப் பக்கத்துச் சந்து. எனக்கு மெயின் ரோட்டையே தோண்டப் போறான்."

அறுத்த எலும்பைக் கம்பியால் கட்டி அனுப்பினார்கள். மூன்று மாதம் எதையும் தூக்கக்கூடாது, இழுக்கக்கூடாது, கையை ஊன்றி எழக்கூடாது. இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். டாக்டர் இதைச் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

ஆறாவது வாரம் பார்க்கப் போனேன். கடையில் தனியாக இருந்து எனக்கு அலுத்திருந்தது. "நான் ஒரு மாசத்துல ஷட்டரைத் தூக்கினேன். நீரு இன்னும் புது மாப்பிள்ளை கணக்கா தலையணையைக் கட்டிக்கிட்டு இருக்கீரு" என்றேன். அவர் சிரித்தார், சிரிப்பு இருமலாகி, தலையணையை இறுக்கிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் போனால் ஷட்டர் பாதி ஏறி நிற்கிறது. படியில் தங்கராசு, இரண்டு கையாலும் நெஞ்சைப் பொத்தியபடி.

"முந்திட்டேன் அண்ணாச்சி" என்றார். பிறகு மெதுவாக, "உள்ள டக்குன்னு ஏதோ விட்டுப்போச்சு."

கம்பி எலும்பை அறுத்துக்கொண்டு வந்துவிட்டது. சீழ் பிடித்தது. மறுபடி திறந்து கழுவினார்கள். எலும்பு ஒன்றுசேரவே இல்லை. அவருக்கிருந்த சர்க்கரையும் ஒரு காரணம் என்றார் டாக்டர். எனக்கு ஆறுதலாக நீட்டிய சரக்கு அது. நான் வாங்கிக்கொள்ளவில்லை. கடைசியாகப் பார்த்தபோதும் தங்கராசு, "இன்னைக்குக் கடையை யாரு தொறந்தது?" என்றுதான் கேட்டார்.

நான் செய்த கிண்டல் அவர் மனைவிக்குத் தெரியாது. இதைப் படித்தால் தெரியும். நெஞ்சை நடுவில் திறந்து வீட்டில் படுத்திருப்பவர்களே, டாக்டர் சொன்னதைக் கேளுங்கள். என்னைப் போல் வந்து பேசுகிறவனை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அந்தத் தலையணையை அவர் மனைவி என்னிடம் கொடுத்துவிட்டார். கல்லாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். இப்போது எத்தனை மணிக்குப் போனாலும் கடைக்கு நான்தான் முதல் ஆள்.