வெள்ளையம்மாவின் மீன் சோறு யாரையும் கொல்லவில்லை

பாச்சாங்கிலிருந்து வரும் மாட்டுவண்டிக்காரர் ஒருவர் மலாக்காவில் நான் வேலை பார்க்கும் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலேயே என்னைக் கூப்பிட்டுச் செய்தியைச் சொன்னார். வெள்ளையம்மா அக்கா போய்விட்டார். மூன்று நாள் காய்ச்சல். நேற்றே எடுத்தாகிவிட்டது. அவர் வேலை பார்த்த மளிகைக்கடை ராவுத்தர்தான் பாடைக்கு வேண்டியதை வாங்கிக் கொடுத்தாராம். கொள்ளி வைக்க உறவு என்று ஒருவரும் இல்லாததால் வண்டிக்காரர்களில் ஒருவர் வைத்தாராம். பதினாறு வருடம் ரப்பர் மரம் சீவிய தோட்டத்திலிருந்து ஓர் ஆள் வரவில்லை.

பத்து நாள் கழித்துத் தோட்டத்திலிருந்து எனக்கொரு கடிதம் வந்தது. பதினாறாம் நாள் கோயிலில் படையல் போடுகிறார்களாம். "தோட்டத்து மக்களின் பசியாற்றிய தாய்" என்று அவரைப் பற்றி நான் நாலு வரி எழுதித் தரவேண்டுமாம். கடிதத்தின் அடியில் பெரிய கங்காணியின் கையெழுத்து. எந்தத் தாயை ஐயா? சட்டியைப் போட்டு உடைத்து, லயத்து வீட்டைவிட்டுத் துரத்தினீர்களே, அந்தத் தாயையா? நாலு வரி போதாது. முழுவதும் எழுதுகிறேன். கேட்டதற்காக வருத்தப்படுங்கள்.

ரப்பர் விலை விழுந்து பாதிப் பேரைக் கப்பலேற்றி அனுப்பிய காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மிச்சமிருந்தவர்களுக்கு இரண்டு ஆள் வேலை, அரை வயிற்றுச் சோறு. ரப்பர்ப் பால் நிறுக்கும் களத்தில் கர்ப்பிணிப் பெண் ஒருத்தி வாளியோடு மயங்கி விழுந்தாள். மறுநாளே பால் உறையவைக்கும் ஸ்டோருக்குப் பின்னால் மூன்று கல்லை வைத்து அக்கா உலை ஏற்றினார். விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வருமுன் அரிசியைக் கழுவி ஊறப்போட்டுவிடுவார். தன் நிரை மரங்களை எல்லாருக்கும் முன்னால் முடித்து ஓடிவருவார். பால் நிறுத்து முடிவதற்குள் சோறு இறங்கிவிடும். சாடின் மீன் டின்னைத் திறந்து, அதிலிருக்கும் எண்ணெயிலேயே வெங்காயத்தையும் காய்ந்த மிளகாயையும் வதக்கி, மீனைப் போட்டு ஒரு கொதி. இறக்கிவைத்து, பக்கத்து மலாய்க் கம்பத்து எலுமிச்சம்பழம் பிழிவார். சுடுசோற்றைப் பீங்கான் மங்கில் போட்டு மேலே அதை ஊற்றி நீட்டினால், ஒரு டின் ஆறு மங்குக்கு வரும். முடிந்தவர்கள் அரிசியோ விறகோ கொடுத்தார்கள். முடியாதவர்கள் சும்மா சாப்பிட்டார்கள்.

ஆறு பேருக்கு எப்படி வருகிறது என்று நான் ஒருமுறை கேட்டேன். அப்போது நான் ஸ்டோர் கிராணி. பால் கணக்கும் சாமான் இருப்பும் என் கையில். கரண்டியை எடுத்துக் காட்டினார். "மீன ஒடைக்கணும் கிராணி ஐயா, நசுக்கக் கூடாது. ஒடைச்சா ஆறு பேரு மங்குலயும் மீனு கண்ணுக்குத் தெரியும். நசுக்கிப்புட்டா ஒருத்தனுக்கும் தெரியாது." அவருக்கு இன்னொரு சட்டமும் இருந்தது. திறந்த டின்னை அவர் வைத்திருக்கவே மாட்டார். மிஞ்சினால் யாரையாவது கூப்பிட்டுக் கொடுப்பார், யாரும் இல்லாவிட்டால் மண்ணில் புதைப்பார். இந்தச் சட்டத்தை நான் எழுதுவது சமையல் சொல்லிக்கொடுக்க அல்ல. நீங்கள் அவர்மேல் போட்ட பழி எவ்வளவு பெரிய பொய் என்று தெரியவேண்டும்.

பெரிய கங்காணிக்கு அந்த வாசனை மூக்கில் ஏறிக்கொண்டே இருந்தது. ஆனால் கண்டவரோடும் உட்கார்ந்து அவள் கையால் வாங்கித் தின்பதா? மூடி போட்ட தூக்குச்சட்டி ஒன்றை ஆளிடம் கொடுத்தனுப்பினார். அக்கா சட்டியைக் காலியாகவே திருப்பி அனுப்பினார். "இங்க வந்து எல்லாரோடயும் ஒக்காந்து சாப்பிடச் சொல்லு, கூட ஒரு கரண்டி போடறேன். மூடிக் குடுக்க இது மருந்து இல்ல" என்றார். களமே சிரித்தது. நானும் சிரித்தேன். கங்காணி சிரிக்கவில்லை. சமயம் வரட்டும் என்று இருந்தார்.

இனி நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். ரப்பர் பாலை உறையவைக்க ஸ்டோரில் ஒரு திராவகம் உண்டு. கண்ணாடிச் சாடியில் வரும், காடி வாசனை அடிக்கும். ஸ்டோர் ஆட்கள் அதில் ரெண்டு சொட்டைத் தண்ணீரில் விட்டு, வெங்காயமும் பச்சைமிளகாயும் ஊறப்போட்டுச் சோற்றுக்குக் கடித்துக்கொள்வார்கள். பல வருடப் பழக்கம், யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. அக்காவின் மீன் சோறு வந்தபிறகு அந்த வெங்காயத்துக்கு மவுசு கூடிப்போனது. ஆனால் அவர் தொட்டதில்லை. ஸ்டோர் சாமான் தன் சட்டிக்குள் வரக்கூடாது என்று கறாராகச் சொல்லியிருந்தார். எனக்கும் இந்தப் பழக்கம் தெரியும். தோட்டத்துச் சாமானைத் திருடுவது அது. தெரிந்ததாகக் காட்டிக்கொண்டால் என் வேலைக்கு ஆபத்து, அதனால் தெரியாதவன் மாதிரி இருந்தேன்.

நெருக்கடியில் செலவைக் குறைக்க நிர்வாகம் திராவகத்தை மாற்றியது. அதேபோன்ற சாடி, அதேபோன்ற நிறம். உள்ளே இருந்தது வேறு, மலிவானது, மிகவும் வீரியமானது. கூடவே இங்கிலீஷில் ஒரு தாள் வந்தது. பழைய அளவில் பாதி போதும், தோலில் பட்டால் புண்ணாகும் என்று அதில் இருந்தது. படித்து, கையெழுத்திட்டுச் சாடியை வாங்கி வைத்தவன் நான்தான். பாலுக்குப் பாதி அளவு ஊற்றுங்கள் என்று ஆட்களிடம் சொன்னேன். வெங்காயத்தில் ஊற்றாதீர்கள் என்று மட்டும் சொல்லவில்லை.

ஊறவைத்தவன் கருப்பண்ணன். மிச்சப் புளிப்புத் தண்ணீரில் உப்புப் போட்டுக் குடிப்பது அவன் வழக்கம். அன்றைக்கும் குடித்தான். வெங்காயம் கடித்த இரண்டு பேருக்கு வாய் வெந்துபோனது. கருப்பண்ணன் இரண்டாம் நாள் இறந்தான். அன்று அக்காவின் சோற்றைச் சாப்பிட்டவர்கள் நாற்பது பேருக்குக் குறையாது. மற்ற அத்தனை பேரும் மறுநாள் மரம் சீவினார்கள். அது எப்படி என்று ஒரு மனிதர் கேட்கவில்லை. கெட்டுப்போன டின் மீன் என்றார் கங்காணி, எல்லாரும் தலையாட்டினீர்கள். தூக்கம் கெட்டு, கைசுட்டு உங்களுக்குச் சோறு வடித்தவரின் அடுப்பை உதைத்தவர்கள் யார் யார் என்று எனக்குப் பேர் பேராகத் தெரியும். கருப்பண்ணனின் மனைவி முத்தாயி நடுக்களத்தில் நின்று, அக்கா வீடு இருந்த பக்கம் பார்த்து மண்ணை வாரித் தூற்றினாள். அவளை நான் குறை சொல்லமாட்டேன். நீங்கள் சொன்னதை அவள் நம்பினாள்.

துரையின் பங்களா வாசலில் விசாரணை நடந்தது. அக்கா அழவில்லை. கையைக் கட்டிக்கொண்டு ஒரே ஒன்று கேட்டார். "கிராணி ஐயாவக் கேளுங்க தொரே. ஸ்டோருல அன்னிக்கு என்னா இருந்துச்சுன்னு அவருக்குத் தெரியும்." துரை என் பக்கம் திரும்பினார். ஸ்டோரில் சாப்பிடும் சாமான் எதுவும் கிடையாது என்று இங்கிலீஷில் சொன்னேன். பொய் இல்லை பாருங்கள். எவ்வளவு சுத்தமான வாக்கியம். என் படிப்பெல்லாம் அதற்குத்தான் பயன்பட்டது. அன்று மாலையே வேலைப் பட்டியலில் அவர் பேரை வெட்டினார்கள். துணி மூட்டையோடு ஸ்டோர் வாசலைத் தாண்டும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

அந்த வேலையாவது எனக்கு மிஞ்சியதா? ஆறே மாதத்தில் ஆள் குறைப்பில் என்னையும் வெளியே தள்ளினார்கள். மலாக்கா டவுனில் ஒரு கடையில் எழுத்து வேலை கிடைத்தது. பாச்சாங்கில் அக்கா ராவுத்தர் கடைக்குப் பின்னால் வண்டிக்காரர்களுக்குச் சமைக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். ஒரு மங்கில் சோற்றைப் போட்டு, மீனை ஒடித்து வைத்து, முன்னால் நகர்த்தினார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எங்கிட்ட சொல்லி என்னா ஆவப்போவுது தம்பி. எனக்குத்தான் தெரியுமே. முத்தாயிகிட்ட போயி சொல்லுங்க. அவ ஒருத்தி தெரிஞ்சிக்கிட்டாப் போதும். மத்தவங்க எப்படியோ போகட்டும்லா."

முதல்முறையாக என்னைத் தம்பி என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். பஸ் ஏறினால் ஒரு காலைப் பொழுதில் போய்த் திரும்பக்கூடிய தூரம்தான். மழை என்றேன், கடையில் வேலை என்றேன், தீபாவளி கழியட்டும் என்றேன். அதற்குப் பிறகு அவரைப் பார்க்கப் போனபோதெல்லாம் சோறு போட்டார். சொன்னாயா என்று ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால் போயிருப்பேனோ என்னவோ. அவர்மேலும் எனக்குக் கோபம்தான். இப்படிப் பொறுத்துக்கொண்டு போனதால் யாருக்கு லாபம்?

கடிதம் வந்த மறுநாள் போனேன். முத்தாயி லயத்து வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சாடியில் தொடங்கி, தாள், வெங்காயம், துரையிடம் நான் சொன்ன வாக்கியம் வரை நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முறத்தைக் கீழே வைத்தாள். என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்தக்கா இருக்காங்களா?" என்று கேட்டாள். படையல் போடும் பெரியவர்கள் இவளிடம் மட்டும் செய்தியைச் சொல்லாமலே விட்டிருக்கிறார்கள். இறந்துவிட்டார் என்றேன்.

"மண்ண வாரித் தூத்துனேனே. அத இனிமே எங்க போயி அள்ளுவேன்?"

படையலுக்கு வாழையிலை அறுக்கும் நீங்களே அவளுக்குச் சொல்லுங்கள். நான் எழுதிய இதைப் பதினாறாம் நாள் இலை போடுமுன் கோயில் வாசலில் உரக்கப் படிக்கவேண்டும். யாரும் படிக்காவிட்டால் நானே வந்து படிப்பேன். வெள்ளையம்மா சமைத்த சோற்றால் யாரும் சாகவில்லை. சோறு போட்டுக் கொன்றவள் என்ற பேரோடு அவர் பாச்சாங் சுடுகாட்டுக்குப் போனார். அவர் விட்டுப்போனதில் எனக்கென்று நான் எடுத்துக்கொள்வது அந்தக் கெட்ட பேரைத்தான். அது முதலிலிருந்தே என்னுடையது.