உதற மறந்த சின்னப்பர்

மூன்றாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் ஊர்க் கோயில் திருவிழா நாடகத்தில் எனக்கு ரெண்டே ரெண்டு வசனம் கொடுத்தார்கள். ஆனால் நாடகம் முழுவதும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். யாராவது ஒரு சொல்லை விழுங்கினால் அங்கேயே பிடித்து நிறுத்துவேன். ஒத்திகையில் பெரியவர்கள் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டது என் திறமையைப் பொறுக்காமல்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆவூரிலிருந்து கொஞ்சம் உள்ளே போனால் எங்கள் ஊர். நாடகத்தை எழுதி நடத்துவது என் பெரியப்பா. அந்த வருடம் பைபிளில் வரும் புனிதர் சின்னப்பர் கதையை எடுத்திருந்தார். கடலில் கப்பல் உடைந்து, சின்னப்பர் தப்பித் தீவில் கரையேறுகிறார். தீவுக்காரர்கள் குளிருக்கு நெருப்பு மூட்டித் தருகிறார்கள். அவர் அள்ளுகிற சுள்ளிக்குள்ளிருந்து ஒரு விரியன் பாம்பு கையைக் கவ்வுகிறது. இதோ ஆள் வீங்கிச் சாகப்போகிறான் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் பாம்பை நெருப்பில் உதறிவிட்டு ஒன்றும் ஆகாமல் நிற்கிறார். என் அப்பாதான் சின்னப்பர். நான் தீவுக்காரச் சிறுமி.

பெரியப்பாவுக்கு எல்லாம் அந்தக் காலத்தில் இருந்தபடியே இருக்க வேண்டும். அம்மா பழைய திரைச்சீலையில் அங்கி தைத்து, சௌகரியத்துக்காகக் கழுத்தில் ஒரு பட்டன் வைத்திருந்தாள். அந்தக் காலத்தில் ஏது பட்டன் என்று பிய்த்துப் போடச் சொன்னார். தேங்காய் நாரில் தாடி. கடலிலிருந்து வந்தவர் மாதிரி இருக்க, மேடையேறும் முன் தலையில் ரெண்டு குடம் தண்ணீர். கைக்கடிகாரம் போயிற்று, மோதிரம் போயிற்று. கடைசியாக அப்பாவின் மூக்குக்கண்ணாடிக்குக் கை நீட்டினார்.

"கண்ணாடி இல்லாட்டி அவுகளுக்கு எதுக்க வர்றது பஸ்ஸா வைக்கோல் வண்டியான்னு தெரியாது. இது மட்டும் இருக்கட்டுமே" என்றாள் அம்மா.

"சின்னப்பர் கண்ணாடி போட்டா ஊரு சிரிக்கும். ஏற்கெனவே போன வருசம் அட்டையில வெறகு செஞ்சதுக்கே சிரிச்சாங்க" என்றார் பெரியப்பா. அதற்காகவே இந்த முறை நிஜச் சுள்ளி. கோயிலுக்குப் பின்னால் சுவரோரம் ஒரு வாரமாகக் காய்ந்துகொண்டிருந்த சுள்ளிக் கட்டு ஒன்றை அப்படியே தூக்கி வந்து மேடையில் போட்டிருந்தார்கள். பாம்பும் நெருப்பும் மட்டும் பொய். ரப்பர் பாம்பு ஒன்றை அப்பாவின் அங்கிக் கைக்குள் நூலில் கட்டி ஒளித்திருந்தார்கள். சிவப்புக் காகிதத்துக்குள் பல்பு எரிந்தது, கீழே ஒரு மின்விசிறி காகிதத்தைப் படபடக்க வைத்தது. அதை ஒட்டி, சிவப்புப் பாவாடை சட்டையில் நான் உட்கார்ந்திருந்தேன்.

பொழுது இறங்கியதும் நாடகம் தொடங்கியது. மேடையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் தரையில் இருந்தார்கள். அப்பா தண்ணீர் சொட்டச் சொட்ட வந்தார். குனிந்து, கையால் தடவிப் பார்த்து, சுள்ளியை வாரி நெஞ்சோடு அணைத்துத் தூக்கினார்.

"அம்மா" என்றார், மெதுவாக.

அப்படி ஒரு வசனமே கிடையாது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. சுள்ளி கீழே விழுந்தது. அப்பாவின் வலது கையில் பெருவிரலுக்குக் கீழே ஒரு பாம்பு தொங்கியது. இடது கையால் அதன் கழுத்தை இறுகப் பிடித்து எடுத்தார். சின்னப் பாம்புதான், மண் நிறம், முதுகில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. சுருட்டை விரியன் என்று இன்று எனக்குத் தெரியும். அன்று நான் நினைத்தது, எனக்குச் சொல்லாமல் பெரியப்பா வேறு நல்ல ரப்பர் பாம்பாக வாங்கிவிட்டார் என்று. அது உடம்பை உரசிச் சரசரவென்று சத்தம் போட்டது. அந்தச் சத்தத்துக்கு எவ்வளவு கொடுத்தாரோ என்றுகூட யோசித்தேன். சனம் கைதட்டியது.

அப்பா உதறவில்லை. அப்படியே நின்றார். முன்னால் பிள்ளைகள், பின்னால் ஆட்கள், பக்கத்தில் நான். அவர் கண் ஒன்றிலும் நிலைக்கவில்லை. கடிபட்ட கையிலிருந்து சொட்டியது தண்ணீர் மட்டுமில்லை.

திரை மறைவிலிருந்து பெரியப்பா, "ஒதறு தம்பி, நெருப்புல ஒதறு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"அப்பா, ஒதறுங்க" என்றேன் நானும், உதடு அசையாமல்.

என் குரல் வந்த பக்கம் அப்பா தலையைத் திருப்பினார். முகம் வெளுத்திருந்தது. ஆனால் குரல் மட்டும் கணீரென்று, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி வந்தது: "சிறுமியே, எழுந்து உன் தாயிடம் போ."

நாடகத்தில் இல்லாத வசனம், அதுவும் சுத்தத் தமிழில். அவர் சொந்தமாகச் சேர்க்கிறார் என்றதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கு இன்னும் ஒரு வசனம் பாக்கி. அதைச் சொல்லாமல் எப்படிப் போவது? எழுந்து நின்று, சபையைப் பார்த்து, பெரியப்பா சொல்லிக்கொடுத்த மாதிரி ரெண்டு கையையும் விரித்து, "பாருங்கள், இவருக்கு ஒன்றுமே ஆகவில்லை" என்றேன். விசில் பறந்தது.

பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா எழுந்தாள். அப்பாவுடைய அங்கியின் இடது கைக்குள்ளிருந்து நழுவி, நூலில் ஆடிக்கொண்டிருந்த ரப்பர் பாம்பை அவள்தான் முதலில் பார்த்திருக்கிறாள். ஒரு பாம்பு நூலில் என்றால், கையில் இருப்பது எது? அவள் கத்தவில்லை. பிள்ளைகளை விலக்கிக்கொண்டு விறுவிறுவென்று மேடையேறி, என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு இறங்கினாள். அந்தக் காலத்துத் தீவில் பாலியஸ்டர் புடவையோடு ஒருத்தி. எனக்கு மானமே போய்விட்டது. அவள் நெஞ்சு என் காதில் திடுதிடுவென்று அடித்துக்கொண்டிருந்ததை, ஓடி வந்த இளைப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

திரையை இழுத்தார்கள். ஒரு குடத்துக்குள் பாம்பை விட்டுத் தட்டால் மூடினார்கள். அப்பாவை மோட்டார் பைக்கில் நடுவில் உட்காரவைத்து, அங்கியும் தாடியுமாக இலுப்பூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அம்மா ஜெபமாலையைப் பிடித்தபடி வீட்டு வாசலிலேயே நின்றாள். பெரியப்பா அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் அப்பாவின் கண்ணாடி இருந்தது. பிழைத்துக்கொள்வார் என்று தகவல் வரும்வரை எங்கள் வீட்டில் யாரும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. நான் மட்டும் சாப்பிட்டேன். எனக்குப் பசித்தது.

சில நாள் கழித்து அப்பா வீட்டுக்கு வந்தார். கை வீங்கிக் கறுத்துக் கிடந்தது. கட்டிலில் சாய்ந்திருந்தவரிடம் போய் நின்று, மனதில் வைத்திருந்ததையெல்லாம் கேட்டேன். எல்லோரும் அத்தனை தடவை சொல்லியும் ஏன் உதறவில்லை? நாடகத்தையே கெடுத்துவிட்டீர்களே.

அப்பா கண்ணாடி வழியாக என்னை வெகுநேரம் பார்த்தார்.

"தப்புத்தான் பாப்பா. நெருப்பு எது, நீ எதுன்னு அப்பாவுக்குத் தெரியல. ரெண்டும் செவப்பா இருந்துச்சு."

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. நேரே பெரியப்பா வீட்டுக்கு ஓடினேன். அடுத்த வருடம் நெருப்பை இன்னும் பெரிதாக வைக்க வேண்டும், அப்போதுதான் அப்பா ஒழுங்காக உதறுவார் என்று சொன்னேன். அப்பா சொன்னதையும் அப்படியே ஒப்பித்தேன். ஒரு சொல் விடவில்லை.

பெரியப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, என்னைப் போகச் சொல்லிக் கையை மட்டும் ஆட்டினார். இவ்வளவு நல்ல யோசனை சொன்னதற்கு ஒருவர் ஏன் அழவேண்டும் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.