இரண்டு முறை தட்டினால் நிறுத்து

நம்புங்கள் என்று யாரையும் நான் கெஞ்சப் போவதில்லை. நடந்தது நடந்ததுதான். பேய் என்றால் நடுநிசி வேண்டும், பாழடைந்த பங்களா வேண்டும் என்று நினைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டாம். எனக்கு நடந்தது பட்டப்பகலில், என் பட்டறையில், பிற்பகல் இரண்டு பத்துக்கு. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

நான் ஜாக்கி ரிப்பேர் செய்பவன். லாரியை அடியிலிருந்து தூக்குகிற ஆயில் ஜாக்கி. இருபத்திரண்டு வருடமாக அதே வேலை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். என் மனைவி வைத்த பட்டப்பெயரே 'பிரஷர்'. அன்று அந்தப் பிரஷரை ஏற்றி விட்டவர் லாரி ஷெட் முதலாளி.

பன்னிரண்டரைக்கு வந்தார். துருப்பிடித்த பழைய ஜாக்கி ஒன்றை மேஜை மேல் தொப்பென்று வைத்தார்.

"தூக்க மாட்டேங்குது. நாலு மணிக்குள்ள வேணும். வண்டி நிக்குது."

"அடியில வைக்க ஸ்டாண்ட் வாங்கிட்டீங்களா முதலாளி? வெறும் ஜாக்கியை நம்பி ஆளை உள்ள அனுப்பாதீங்கன்னு போன தடவையே சொன்னேன்."

"உன்கிட்ட ஜாக்கியைத்தான் குடுத்தேன். யோசனை கேக்கல."

போய்விட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஏனென்றால் நாலு மணிக்கு அந்த லாரியின் அடியில் படுக்கப் போகிறவன் என் மச்சினன். மனைவியின் ஒரே தம்பி. அங்கே சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. "முதலாளி பாத்துக்குவாரு மாமா" என்று பல்லைக் காட்டுவான்.

நானும் ஆறு வருடம் லாரிக்கு அடியில் படுத்தவன்தான். ஷெட் இரைச்சலில் கத்தினால் கேட்காது. அதனால் எல்லாமே தட்டுதான். மேலே இருப்பவன் ஒரு முறை தட்டினால், தூக்கப் போகிறேன். கீழே இருப்பவன் ஸ்பேனரால் இரண்டு முறை தட்டினால், நிறுத்து. மூன்று முறை தட்டினால், நான் வெளியே வந்துவிட்டேன், இறக்கு. அந்த மூன்று காதில் விழாமல் இறக்கும் திருகில் யாரும் கை வைக்கக் கூடாது.

சாப்பிட்டு முடித்து, ஒன்று நாற்பதுக்கு ஜாக்கியைக் கையில் எடுத்தேன்.

முதல் பார்வையிலேயே ஏதோ இடித்தது. தூக்கவில்லை என்றாரே? இதன் தூக்கும் தண்டு நான்கு அங்குலம் மேலே எழுந்து நின்றது.

இறக்கும் திருகைக் கழற்றினேன். அதன் பின்னால் சிறிய இரும்புக் குண்டு ஒன்று இருக்க வேண்டும். அதுதான் ஆயிலை அடைத்து நிறுத்தும். குண்டு இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது. ஏதோ ஒரு அவசரக்குடுக்கை, வேலை முடியும் முன்பே, திருகை மொத்தமாகக் கழற்றியிருக்கிறது. அரைச் சுற்று போதும். மொத்தமாகக் கழற்றினால் ஆயில் பீறிடும், குண்டு தெறித்து ஓடும், மேலே இருப்பது ஒரே மூச்சில் கீழே வரும். அப்புறம் திருகை மட்டும் பழையபடி மாட்டி வைத்திருக்கிறார்கள். எந்தப் புண்ணியவான் செய்த வேலை இது என்று வாய்விட்டே திட்டினேன்.

மிச்ச ஆயிலையும் தட்டில் கவிழ்த்துக் கொட்டினேன். வெதுவெதுப்பாக இருந்தது. ஜாக்கியோ ஒன்றரை மணி நேரமாக மின்விசிறிக்குக் கீழே கிடந்தது.

தண்டை அழுத்தினேன். இறங்கவில்லை.

திருகு இல்லை. குண்டு இல்லை. சொட்டு ஆயில் இல்லை. அது தானாகக் கீழே விழ வேண்டும். என் எண்பத்தைந்து கிலோவையும் அதன் மேல் போட்டேன். அசையவில்லை.

மணி இரண்டு பத்து.

டங்… டங்.

பக்கத்தில் யாரோ வேலை செய்கிறார்கள் என்று நினைத்தேன். மீண்டும், டங்… டங். ஒரு நிமிடம் விட்டு, டங்… டங். இருபத்தைந்து நிமிடம் பொறுத்தேன். அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"சும்மா இருங்கடா!"

சுத்தியலால் மேஜையில் ஓங்கி ஒரு அடி அடித்தேன். ஒரே அடி. மணி இரண்டு முப்பத்தைந்து.

அமைதி…

பிறகு, டங்டங். டங்டங். டங்டங்.

வேகமாக. மூச்சு வாங்குவது போல.

வெளியிலிருந்து இல்லை. மேஜையிலிருந்து.

ஜாக்கியின் மேல் கை வைத்தேன். உள்ளங்கையில் உணர்ந்தேன். உள்ளே இருந்து யாரோ…

இரண்டு. இரண்டு. இரண்டு.

நிறுத்து. நிறுத்து. நிறுத்து.

போனை எடுத்தேன்.

"மாமா?"

"எங்கடா இருக்கே?"

"ஷெட்ல. ஏன், குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"வண்டி அடியில போனே, காலை ஒடிச்சிடுவேன். இப்பவே வீட்டுக்குப் போ."

மூன்று முப்பத்திரண்டுக்கு முதலாளி வந்தார். முகம் சிவந்திருந்தது.

"என் ஆளை வீட்டுக்கு அனுப்ப நீ யாருய்யா? ஜாக்கி எங்க?"

டங்டங்.

அவர் ஜாக்கியைப் பார்த்தார்.

டங்டங்.

சிவந்த முகம் வெளுத்துப்போனது. நான் எதுவுமே கேட்கவில்லை.

"மூணு தடவை தட்டினான்யா…" என்றார். "நான் எண்ணினேன். மூணு."

"யாரு?"

டங்டங். டங்டங்.

"மூணு!" என்று ஜாக்கியைப் பார்த்துக் கத்தினார்.

டங்… டங்.

டங்…

நின்றது.

மணி மூன்று நாற்பது.

நான்கு அங்குலத் தண்டு, யாரும் தொடாமல், மெதுவாக உள்ளே இறங்கியது.

முதலாளி ஜாக்கியை எடுக்கவில்லை. செருப்பைக் கூட மாட்டாமல் ஓடினார்.

மறுநாள் மச்சினனின் துணிமூட்டையை எடுக்க அந்த ஷெட்டுக்குப் போனேன். அவனை அங்கே இனி விடுவதாக இல்லை. ஷெட்டுக்கும் பக்கத்துப் பஞ்சர் கடைக்கும் நடுவில் ஒரு தகரச் சுவர்தான். அந்த ஷெட்டில் யாராவது செத்திருக்கிறார்களா என்று பஞ்சர் கடைக்கார அம்மாவிடம் கேட்டேன். சொன்னார்.

ஒன்பது மாதத்துக்கு முன்பு, எல்லோரும் சாப்பிடப் போன நேரம். லாரிக்கு அடியில் ஒரே ஒரு ஆள். ஊமையன் என்று கூப்பிடுவார்களாம், அவ்வளவு குறைவாகப் பேசுவான். லாரி அவன் மேல் இறங்கிவிட்டது. மூன்று தட்டு கேட்டுத்தான் இறக்கினேன், அந்த நிமிடமே உயிர் போய்விட்டது என்று முதலாளி எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். எல்லோரும் நம்பியிருக்கிறார்கள்.

"ரெண்டு மணி தாண்டி லாரி இறங்கின சத்தம் கேட்டுச்சு. உடனே ஷட்டரை இழுத்து விட்டுட்டு அவர் எங்கேயோ போனாரு. மூணே முக்கால் வாக்குலதான் ஆளுங்களோட திரும்பினாரு" என்றார் அந்த அம்மா. "ஆனா நடுவுல உள்ள தட்டற சத்தம் கேட்டுட்டே இருந்துச்சு தம்பி. ரெண்டு ரெண்டா. வேலை நடக்குதுன்னு நெனச்சேன். மூணு நாப்பதுக்கு நின்னுச்சு."

ஒன்றரை மணி நேரம். கத்த நெஞ்சில் மூச்சு இருந்திருக்காது. கை மட்டும் மிச்சம். அந்த முதலாளி ஷட்டரை இழுத்துவிட்டு, என்ன பொய் சொல்லலாம் என்று யோசிக்கப் போயிருக்கிறான்.

அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இன்னொண்ணு இருக்கு. இதை யார்கிட்டயும் சொன்னதில்ல. சத்தம் தாங்காம, ரெண்டரை மணி வாக்குல, நான் கோவத்துல இந்தத் தகரத்தை ஓங்கி ஒரு தட்டு தட்டினேன். ஒரே ஒரு தட்டு. கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் ரொம்ப வேகமா தட்ட ஆரம்பிச்சாங்க. ஏன்னு இன்னைக்கு வரைக்கும் புரியல."

எனக்குப் புரிந்தது. அவரிடம் சொல்லவில்லை.

ஒரு தட்டு என்றால், தூக்கப் போகிறேன்.