ஆள் இல்லை என்று சொல்லும் வேலை

அந்த ஆள்தேர்வு அலுவலகத்தில் அவனை எல்லோரும் 'இன்ஜினியர்' என்றே கூப்பிடுவார்கள். பாதி கேலி, பாதி உண்மை. படித்தது இயந்திரவியல், பார்ப்பது தொலைபேசி வேலை. காலையில் கம்பெனிகளைக் கூப்பிட்டு, "நல்ல இன்ஜினியர் குதிரைக்கொம்பா இருக்கு சார்" என்பான். மதியத்துக்கு மேல் இன்ஜினியர்களைக் கூப்பிட்டு, "போட்டி ஜாஸ்தி தம்பி, கிடைச்ச சம்பளத்துக்குச் சேர்ந்துக்கோங்க" என்பான். இரண்டையும் ஒரே குரலில் சொல்லப் பழகியிருந்தான்.

படிப்பு முடிந்ததும் ஒரு வருடம், சின்னப் பட்டறை ஒன்றில் தண்ணீர் பம்புகளைப் பிரித்துச் சேர்த்துக்கொண்டிருந்தான். ஓடுகிற பம்பின் மேல் உள்ளங்கையை வைத்தால் உள்ளே எது தேய்கிறதென்று கைக்குத் தெரிந்துவிடும். பட்டறையை மூடிவிட்டார்கள். கை மறக்கவில்லை. இன்றும் சாப்பாட்டுக்குப் போகும்போது, மாடிப்படிக்குக் கீழே ஓடும் மோட்டாரின் மேல், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துக் கைவைப்பான். காய்ச்சல் பார்ப்பதுபோல.

ஒரு பம்ப் தொழிற்சாலை மாதக்கணக்கில் ஆள் கேட்டுக்கொண்டிருந்தது. அனுபவம் வேண்டும், வயது கூடக் கூடாது, சம்பளமோ புதியவனுக்குக் கொடுப்பதுதான். "ஆள் தேடறாங்களா, மாப்பிள்ளை தேடறாங்களா?" என்று அலுவலகத்தின் முதலாளியம்மா சலித்துக்கொண்டார்.

விண்ணப்பங்களில் பெயரையும் தொலைபேசி எண்ணையும் நீக்கி, குறியெண் போட்டு அனுப்புவதே அங்கே வழக்கம். இல்லாவிட்டால் கம்பெனிக்காரர்கள் நேரே ஆளை வளைத்துப்போட்டுவிட்டு, கமிஷன் கேட்டால் கைவிரித்துவிடுவார்கள். இந்த முறை பம்ப் தொழிற்சாலைக்கு அனுப்பிய விண்ணப்பக் கட்டுக்குள், தன்னுடையதையும் ஒரு குறியெண்ணோடு செருகிவிட்டான். அதற்கு மேல் அவன் யோசிக்கவில்லை.

அடுத்த வாரம் முதலாளியம்மா அவன் மேசைக்கே ஓடி வந்தார்.

"இன்ஜினியர், மழை பெஞ்சிருச்சு! பம்ப் கம்பெனிக்குப் பதினேழாம் நம்பரைப் பிடிச்சிருக்காம். ஒரு வருஷ அனுபவம்தான், ஆனா பம்ப் எப்படித் தேயும்னு கையால தொட்டவன் மாதிரி எழுதியிருக்கானாம். உடனே கூப்பிடு. ஸ்பீக்கர்ல போடு, நானும் பேசறேன். நழுவ விட்டுடாதே."

அலுவலகத் தொலைபேசியில் எண்களை அழுத்தினான். அவனுடைய சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது.

"அதை அப்புறம் பாருப்பா. முதல்ல பதினேழு."

"இதுதான் மேடம் பதினேழு."

அவர் அவன் முகத்தையும் சட்டைப்பையையும் மாறி மாறிப் பார்த்தார். வந்த சிரிப்பு பாதியில் நின்றது.

"அடப்பாவி! நீ போயிட்டா இங்க யாரு பேசறது? இந்த வேலைக்கு இப்ப ஆள் கிடைக்குமா?"

அவன் சுவரோர பீரோவைப் பார்த்தான். கதவு மூட முடியாமல் விண்ணப்பங்கள் பிதுங்கிக்கொண்டிருந்தன.

"எல்லாரும் இன்ஜினியர்தான் மேடம்."

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"சரி, எடு. எல்லார்கிட்டயும் கேக்கறதை அவன்கிட்டயும் கேளு. ஓசியில எல்லாம் அனுப்ப மாட்டேன், கமிஷன் உண்டு."

அவன் உடனே எடுக்கவில்லை. சட்டைப்பையின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றான், அழுத்தாமல், அந்த அதிர்வு நின்றுவிடக்கூடாது என்பதுபோல.