தேவராஜ் அண்ணா கோவளத்துக்கு சைக்கிள் மிதிச்ச கதை

சிட்லபாக்கம் ஏரிக்கரையில காலைல அஞ்சேகாலுக்கு ஒரு வாசனை வரும்... ஏரித்தண்ணி வாசனை, டீக்கடையில முதல் பால் பொங்கற வாசனை, கையில ஒட்டின செயின் ஆயில் வாசனை. மூணும் சேந்து அடிச்சா அன்னைக்கு ஞாயித்துக்கிழமை.

பத்து பன்னெண்டு வருஷம் இருக்கும். எங்க சைக்கிள் க்ளப்ல மொத்தம் ஏழே பேர். க்ளப்னு நாங்கதான் சொல்லிப்போம். பேரு கிடையாது, டீ ஷர்ட் கிடையாது. நான் ஐ.டி. வேலைல தொப்பை போட்டதால சேந்தவன். ரயில்வேல மெக்கானிக்கா இருந்த பாலு அண்ணாதான் எல்லாரையும் போன் பண்ணி எழுப்பி விடுவார்.

க்ளப்ல ஒரே லேடி கிரேஸ் அக்கா. ஸ்கூல் டீச்சர். அவங்க வீட்டுக்காரர் தேவராஜ் அண்ணா பேங்க்ல வேலை. முப்பத்தஞ்சு வயசுக்கு மேல கொஞ்சம் கொஞ்சமா பார்வை குறைஞ்சு, ஒரு கட்டத்துல சுத்தமா போயிடுச்சு. ஆனா வேலையை விடல.

ஞாயித்துக்கிழமை அக்கா முழங்கையைப் பிடிச்சுக்கிட்டு அவரும் வருவார். நாங்க திருநீர்மலை வரைக்கும் போய்ட்டு வர்ற வரைக்கும் டீக்கடை பெஞ்ச்ல உக்காந்திருப்பார். வந்ததும் எல்லாம் கேப்பார்... மலை மேல மேகம் இருந்துச்சா, குரோம்பேட்டைல ரோடு போட்டாச்சா, யார் முதல்ல மூச்சு வாங்கினது... பொங்கல் வடை சாப்பிட்டுக்கிட்டே சொல்லுவோம். அப்புறம் ரெண்டு பேரும் சர்ச்சுக்கு கிளம்பிடுவாங்க.

ஒரு நாள் நான் கேட்டுட்டேன், இவ்ளோ நேரம் தனியா உக்காந்திருக்கீங்களே, போர் அடிக்கலையாண்ணான்னு.

"எனக்கு சைக்கிள் மறக்கல தம்பி... ரோடுதான் தெரியல" அப்படின்னார். சாதாரணமாதான் சொன்னார். எனக்குத்தான் மறுநாள் ஆபீஸ்ல வேலையே ஓடல.

பாலு அண்ணாகிட்ட சொன்னேன். ரெண்டு பேர் மிதிக்கிற சைக்கிள்னு ஒண்ணு இருக்கு, நாமளே பண்ணிடலாம்னார். ரெண்டு பழைய சைக்கிளைத் தூக்கிக்கிட்டு மேற்கு தாம்பரத்துல ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போனோம். பட்டறைக்காரர் ரெண்டையும் பாத்துட்டு, "இன்னா சார், ரயில் வுடப் போறீங்களா" ன்னார். ஆனா விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பை நிறுத்திட்டார். மூணு வாரம் கழிச்சு அவர் தந்த சைக்கிள் உருக்கு மாதிரி உறுதியா இருந்துச்சு. வெயிட்டும் அப்படித்தான்.

முன் சீட்ல உக்கார்றவர்கிட்டதான் ஹேண்டில், பிரேக் எல்லாம். உயரம் ஒத்து வந்ததால நான்தான்னு முடிவாச்சு.

கிரேஸ் அக்காவுக்கு துளியும் பிடிக்கல. என்னைத் தனியா கூப்ட்டு நேராவே சொன்னாங்க.

"அவர் கண்ணு போனதுக்கே நான் இப்பதான் பழகியிருக்கேன். இன்னொண்ணுக்குப் பழக என்னால முடியாது."

ஏரியை ஒரு சுத்து மட்டும்தான்க்கான்னு கெஞ்சி ஆரம்பிச்சோம்.

ரெண்டாவது வாரமே விழுந்தோம். குறுக்க நாய் வந்துச்சு, நான் அவர்கிட்ட சொல்லாம பிரேக் அடிச்சுட்டேன். ரெண்டு பேரும் மண்ணுல. அவர் முழங்கைல ரத்தம். அக்கா ஓடி வர்றாங்க. போதும்ணா, இதோட விட்டுடலாம்னு சொன்னேன்.

அவர் தரைல உக்காந்துக்கிட்டே, "எட்டு வருஷமா யாரும் என்னை விழவே விடல தம்பி. வலிக்குது, பரவால்ல. ஏறுங்க" ன்னார்.

அக்கா அதைக் கேட்டுக்கிட்டே நின்னாங்க. அப்புறம் குனிஞ்சு அவர் முழங்கையை மடக்கிப் பாத்துட்டு, அந்த கனத்த சைக்கிளை அவங்களே தூக்கி நிறுத்தினாங்க.

நாலு மாசம் பழகினோம். அதுக்கப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை கோவளம். க்ளப்பே வந்துச்சு.

கிளம்பினதும் நான் ரன்னிங் கமெண்ட்ரி மாதிரி எல்லாத்தையும் சொல்ல ஆரம்பிச்சேன்... இந்தப் பக்கம் புது ஃப்ளாட், அந்தப் பக்கம் கல்யாண மண்டபம்னு. "பள்ளம், பிரேக், திருப்பம். இது மூணு மட்டும் சொல்லுங்க போதும்" னு பின்னாடியிருந்து சொல்லிட்டார்.

மேடவாக்கம் கிட்ட பின்னாடியே ஒரு தண்ணி லாரி. ஹாரன் அடிச்ச அடில என் ஹேண்டில் ஆடுது. திரும்பிப் பாக்கவும் பயம். அவர் அமைதியா, "நேரா விடுங்க. அவன் வலது பக்கம் ஒதுங்கிட்டான், சத்தம் மாறுது பாருங்க" ன்னார். அடுத்த நிமிஷம் லாரி எங்களைத் தாண்டிப் போச்சு. அவர் சொன்ன பக்கத்துலயே.

கடலோரமா போற ஈ.சி.ஆர். ரோடு வந்தப்புறம் அவர் மிதிச்ச மிதியில என் கால் சும்மா சுத்துச்சு.

கோவளத்துல ஷூவைக்கூட கழட்டாம கடல்ல இறங்கி நின்னார். பாலு அண்ணா அந்தப் பக்கம் திரும்பி கண்ணைத் துடைச்சுக்கிட்டார். கிரேஸ் அக்கா மட்டும் அழல. என் பக்கத்துல வந்து, "வழி பூரா பின்னாடியே வந்தேன். மனுஷன் இப்படி நிமிந்து உக்காந்து பாத்து எவ்ளோ நாளாச்சு" ன்னாங்க.

நான் வாழ்க்கைல பிரமோஷன் எல்லாம் வாங்கியிருக்கேன். அன்னைக்கு மாதிரி நெஞ்சு நிமிந்ததில்ல.

இப்போ எங்க வாட்ஸப் க்ரூப்ல நூறு பேருக்கு மேல. ஹெல்மெட், வாட்ச், ஆப்... டீக்கடை பேக்கரி ஆயிடுச்சு, பெஞ்ச் போய் பிளாஸ்டிக் சேர் வந்துடுச்சு. எல்லார் பேரும் எனக்குத் தெரியாது, அது ஒரு சின்ன வருத்தம். ஆனா கம்பெனில செஞ்ச டபுள் சைக்கிளே மூணு இருக்கு. பார்வையில்லாதவங்க இன்னும் மூணு பேர் வர்றாங்க. தேவராஜ் அண்ணாவுக்கு முன்னாடி இப்போ அவர் பொண்ணு ஷரோன். காலேஜ் படிக்குது. என் சீட் போயிடுச்சு... சந்தோஷமாத்தான் குடுத்தேன்.

போன வாரம் புதுசா சேந்த ஒருத்தர், உங்க க்ரூப் ஆவரேஜ் ஸ்பீட் என்ன சார்னு கேட்டார்.

தெரியாதுங்கன்னு சொன்னேன். நிஜமாவே தெரியாது. கிளம்பும்போது எத்தனை பேர், திரும்பி வரும்போது எத்தனை பேர்... நாங்க அதை மட்டும்தான் எண்ணுவோம்.