புவர் திங்

கால் சுளுக்கி நொண்டி வந்த சக ஊழியர் மாலாவைப் பார்த்து, "புவர் திங்!" என்றார் மேலாளர். எனக்குச் சுருக்கென்றது.

பூதலூரில் நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, பண்ணையார் மகள் ஸ்டெல்லா காய்ச்சலோடு வந்தாள். பாடம் நடத்திய சிஸ்டர் அவள் நெற்றியைத் தொட்டு, "புவர் திங்!" என்றார். முந்தின நாள்தான் 'புவர்' என்றால் ஏழை என்று சொல்லிக்கொடுத்திருந்தார். அவர்கள் வயலில் நாற்று நடுகிறவள் என் அம்மா. எனக்கு வயிறு எரிந்தது. எழுந்துவிட்டேன்.

"சிஸ்டர், அவங்க வீட்ல டிராக்டர் இருக்கு. நாங்கதான் ஏழை!"

வகுப்பே சிரித்தது.

"அதுக்குப் பாவம்னு அர்த்தம்மா. உட்காரு" என்றார் சிஸ்டர். அவர் கை ஸ்டெல்லாவின் நெற்றியிலேயே இருந்தது.

இன்று மாலாவின் காலுக்கு நான்தான் தைலம் தேய்த்துவிட்டேன். கொஞ்சம் அழுத்தியே தேய்த்தேன்.