தாய்மாமன் மடி

என் அப்பா என்னைப் பட்டாளத்துக்கு அனுப்பிவிட்டார், எனக்கே தெரியாமல். தளவாய்புரத்தில் ஒரு தையல் யூனிட்டில் உட்கார்ந்து நான் நைட்டி தைத்துக்கொண்டிருந்த நான்கு வருடமும், ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருவைப் பொறுத்தவரை நான் லடாக்கில் துப்பாக்கியோடு நின்றுகொண்டிருந்தேன். எங்கள் சாதிசனத்தில் வீட்டுக்கு ஒருவர் ராணுவத்திலோ போலீசிலோ இருப்பார்கள். அப்பாவும் பட்டாளத்தில் இருந்து ரிட்டையர் ஆனவர்தான். பையன் எங்கே என்று கேட்டவர்களுக்கு அதைத்தான் சொன்னார். பையன் சுடிதார் போட ஆரம்பித்துவிட்டான், அதனால் துரத்திவிட்டேன் என்றா சொல்வார்?

நானாகப் போகவில்லை. அப்பாதான் என் பையைத் தூக்கித் தெருவில் வைத்தார். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. 

தையல் தெரிந்ததால் பிழைத்தேன். தளவாய்புரத்தில் நான் போய் நின்ற யூனிட்டை ஒரு அக்கா நடத்துகிறாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். சுடிதார் போட்டிருந்தேன், தாடையில் அப்போது ரோமம் இருந்தது. "ஓவர்லாக் மிஷின் ஓட்டுவியா?" என்று கேட்டாள். ஓட்டுவேன் என்றேன். "அப்பம் அந்தா, அந்த வரிசையில உக்காரு" என்று பெண்கள் உட்காரும் பக்கம் கையைக் காட்டினாள். மத்தியானம் பெண்கள் பாத்ரூம் சாவியை என் மிஷின் மேல் வைத்துவிட்டுப் போனாள். அந்தச் சாவியைப் பார்த்து நான் மூக்கைச் சிந்தி அழுததை இன்னமும் சொல்லிக் காட்டிச் சிரிப்பாள். மதுரைக்கு ஹார்மோன் டாக்டரைப் பார்க்க முதல் தடவை போனபோது, யூனிட்டுக்கு ஒரு நாள் லீவு விட்டுவிட்டு என்னோடு பஸ் ஏறியதும் அவள்தான்.

இன்னொருத்தி என் தங்கை. ராஜபாளையத்தில் கட்டிக் கொடுத்திருந்தது. மாடியில் துணி காயப்போடுகிற சாக்கில், வீட்டுக்காரருக்கும் மாமியாருக்கும் தெரியாமல் வீடியோ காலில் கூப்பிடுவாள். முதலில் "அண்ணே" என்றுதான் பேசினாள். ஒரு நாள் என் புதுக் கம்மலைப் பார்த்துவிட்டு, "அழகா இருக்குக்கா" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நான் கம்மலை இன்னொரு தடவை ஆட்டிக் காட்டினேன்.

அவள் மகளுக்கு வாய்ப்பேச்சு வந்ததும், போனைக் காட்டி "பெரியம்மா சொல்லு" என்று பழக்கினாள். பிள்ளை "பெரிம்மா" என்றது. உலகத்தில் யோசிக்காமல் என்னைக் கூப்பிட்ட ஒரே ஆள் அதுதான். மற்ற எல்லோரும், தங்கைகூட, ஒரு நொடி தயங்கித் தங்களைத் திருத்திக்கொண்டுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பிள்ளைக்குத் திருத்திக்கொள்ள ஒன்றும் இல்லை. அதற்குப் பெரிம்மா என்றால் நான். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு வாரம் முழுக்க மிஷின் ஓட்டுவேன்.

அந்தப் பிள்ளைக்கு மூன்று வயதில் காதுகுத்து வைத்தார்கள்.

எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். தாய்மாமன் செத்துப்போயிருந்தால், சித்தப்பா பெரியப்பா மகன் யாரையாவது உட்கார வைத்து ஒப்பேற்றிவிடலாம். நான்தான் சாகவில்லையே, பட்டாளத்தில் அல்லவா இருக்கிறேன்! "நாலு வருசமா ஒரு லீவு கூடவா கொடுக்கல?" என்று தங்கையின் மாமியார் நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். அப்பா வசமாக மாட்டிக்கொண்டார். துரத்திய அன்றைக்கே என்னைச் செத்துப்போனதாகச் சொல்லித் தொலைத்திருந்தால் எல்லோருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

நான்கு வருடத்தில் முதல் தடவையாக அப்பா போன் செய்தார். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. "ஒரு நா. ஒரே ஒரு நா வேட்டி சட்டையில வந்துட்டுப் போ. தங்கச்சி வாழணுமா வேண்டாமா?" என்றார். தங்கை அழுதாள். "எனக்காக வாக்கா. அவிய கேக்குத கேள்விக்கு என்னால பதில் சொல்ல முடியல."

யூனிட் அக்கா கொதித்துப் போனாள். "கூறு கெட்டவளே! போறதுன்னா இப்பம் இருக்க மாதிரியே போ. இல்லையா, பேசாம கெட" என்றாள். நான் கேட்கவில்லை. தங்கைக்காகப் போனேன் என்று சொன்னால் அது பாதிதான். போனிலேயே பார்த்த பிள்ளையை ஒரு தடவையாவது மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குப் பேராசை.

முந்தின நாள் அப்பா என்னை ராஜபாளையத்தில் ஒரு சலூனுக்குக் கூட்டிப் போனார். தெரிந்தவர்கள் இல்லாத கடையாகப் பார்த்துப் பார்த்துக் கூட்டிப் போனார். எனக்கு முடி பாதி முதுகு வரை இருந்தது. "நல்லா ஒட்ட வெட்டுப்பா, பட்டாளத்துல இருக்கான்" என்றார் அப்பா. கடைக்காரர் என் பின்னலைக் கையில் தூக்கிப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், கத்தரியை எடுத்தார். அவருக்கு என்ன வந்தது! கண்ணாடியில் நான்கு வருடம் முன்னால் நான் விட்டுவிட்டு வந்த ஆள் உட்கார்ந்திருந்தான். அவனை எனக்கு அப்போதும் பிடிக்கவில்லை.

வ. புதுப்பட்டிப் பக்கம் தங்கை வீட்டுக்காரர்களின் குலசாமி கோயில். நெஞ்சை இறுக்கிக் கட்டி, அதற்கு மேல் தொளதொள சட்டை போட்டு, சீர்த்தட்டோடு போய் இறங்கினேன். "பனியில நின்னு செவந்துட்டானே மாப்பிள்ளை!" என்று ஒருவர் கன்னத்தைக் கிள்ளினார். "ஏலே, கேன்டீன் சரக்கு எங்கலே?" என்று இன்னொருவர் என் பையைத் துழாவினார். லடாக்கில் குளிர் எம்புட்டு என்று கேட்ட அத்தை பொங்கல் வைக்கிற வேலைக்காகப் போட்டிருந்த நைட்டி எங்கள் யூனிட்டில் தைத்தது. கழுத்துத் தையலைப் பார்த்ததுமே தெரிந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு குளிரைப் பற்றிப் பேசினேன்.

மாலையைப் போட்டு மணையில் உட்கார வைத்து, பிள்ளையை என் மடியில் விட்டார்கள். எம்புட்டுக் கனம் அது! போனில் கனம் தெரியவில்லை. பிள்ளை என் ஒட்ட வெட்டிய தலையையும் வேட்டியையும் பார்த்து மிரண்டு நெளிந்தது. "ஒண்ணுமில்லடா தங்கம்" என்று காதுக்குள் மெதுவாகச் சொன்னேன். குரலைக் கேட்டதும் நெளிவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தது. ஆசாரி குத்தினார். பிள்ளை வீறிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "பெரிம்மா, வேண்டாம் பெரிம்மா!" என்று கத்தியது.

மேளம் அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் பக்கத்தில் நின்ற மாமியார் காதில் விழுந்துவிட்டது. "பெரியம்மாவா? யாரைச் சொல்லுதா இவ?"

நான் தங்கையைப் பார்த்தேன். மாடியில் நின்று "அழகா இருக்குக்கா" என்றவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பிள்ளையின் முதுகில் ஒரு அடி வைத்தாள். "பால்வாடியில ஒரு அம்மாவை அப்படிக் கூப்பிடுவா அத்தை. ஏட்டி, இது மாமா. மாமான்னு சொல்லு" என்றாள். பிள்ளை சொல்லவில்லை. இன்னொரு அடி விழுந்தது. "மாமா" என்றது, ஏங்கி ஏங்கி. எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த காதைக் குத்தினார்கள்.

மறுநாள் யூனிட்டுக்குப் போனேன். அக்கா தலையைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. வெட்டிக்கொண்டிருந்த துணியில் முக்கோணமாக ஒரு துண்டு கிழித்து, என் தலையில் கட்டி, பின்னால் முடிச்சுப் போட்டுவிட்டுப் போனாள்.

தங்கை இப்போதும் மாடியில் இருந்து கூப்பிடுகிறாள், இப்போதும் அக்கா என்றுதான் சொல்கிறாள். "கோவிச்சுக்கிடாதக்கா. புள்ள வாய்தவறி எங்கயாச்சும் சொல்லிட்டா என் நிலைமை என்ன? கொஞ்ச நாளைக்கு மாமான்னே கூப்பிடட்டும்" என்றாள். அவள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் அவள் மேல் கோபம்தான். இல்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

அது நடந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. முடி காதை மூடிவிட்டது, கிளிப் போட முடிகிறது. பிள்ளை போனை வாங்கி, புதுக் கம்மலை ஆட்டிக் காட்டி, கொஞ்சமும் யோசிக்காமல் என்னை மாமா என்கிறது.